அண்ணி வரைந்த அண்ணன்

என் அண்ணி ஐம்பத்து மூன்று வயதில் தன் புருஷனைக் கட்டிப்பிடித்து நின்றாள். அதில் யாருக்கும் எந்த ஆட்சேபணையும் இல்லை. நின்ற கோலத்தை நாலடி உயரத்துக்கு எண்ணெய் வண்ணத்தில் வரைந்து, ஊர்ப் பணக்காரர்கள் எல்லாம் வந்து பார்க்கிற சுவரில் மாட்டியே தீருவேன் என்று ஒற்றைக் காலில் நின்றாள் பாருங்கள், அங்கேதான் வீடு இரண்டுபட்டது.

நான் அந்த வீட்டு நாத்தனார். நாத்தனார் என்றதும் நான் எந்தக் கட்சி என்று நீங்களாகவே முடிவு கட்டியிருப்பீர்கள். அவசரப்படாதீர்கள். கல்யாணமே வேண்டாம் என்று நான் சொன்ன காலத்தில் வந்தவர் போனவர் எல்லாம் எனக்குப் புத்தி சொன்னார்கள். "அவளுக்கு வேண்டாம்னா வேண்டாம், காபியைக் குடிச்சிட்டுக் கிளம்புங்க" என்று சொன்னவள் அண்ணி ஒருத்திதான். அன்றிலிருந்து நான் அவள் கட்சி. அண்ணன் வீட்டின் முன்பக்கத்திலேயே படங்களுக்குச் சட்டம் போடும் கடையும் பட்டறையும் வைத்திருக்கிறான். முன்மேசையில் உட்கார்ந்து அளவு எடுப்பதும், வருகிறவர்களைச் சமாளிப்பதும் என் வேலை.

அண்ணி முதலில் வரைந்தது படமே இல்லை. துணிக்கடை வாசலில் நிற்குமே பொம்மைகள், அவற்றைச் செய்கிற தொழிற்சாலையில் புருவமும் உதடும் எழுதும் வேலை அவளுக்கு. காலையிலிருந்து மாலைவரை ஒரே முகம். சலித்துப்போய் ஒருநாள் ஒரு பொம்மைக்குக் கண்ணோரத்தில் இரண்டு சுருக்கம் போட்டுவிட்டாள், சிரித்தால் விழுமே அந்த மாதிரி. அது எப்படியோ கடைக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. கடைக்காரர் அதைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்து மேனேஜர் மேசையில் கிடத்தி, "என் கடையில கிழவி நிக்கிறா" என்று கத்தினாராம். மேனேஜர் அழிக்கச் சொன்னார். அண்ணி அழிக்கவில்லை, வேலையை விட்டுவிட்டு வந்துவிட்டாள். "சிரிச்சா சுருங்கத்தானே செய்யும்? நான் என்ன மீசையா வரைஞ்சேன்?" என்று இன்றைக்கும் அந்த மேனேஜரோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறாள். அந்த மனிதர் எங்கே இருக்கிறாரோ.

அடுத்து வேலைக்குச் சேர்ந்தது ஓவியம் விற்கிற ஒரு கேலரிக்காரரிடம். அவர் கட்டடத்தில் கீழ்த்தளம் விற்கிற இடம். ஏசி, மெத்தென்ற வெளிச்சம், மெதுவாகப் பேசச் சொல்லும் வெள்ளைச் சுவர்கள். மாடி வரைகிற இடம். டர்பன்டைன் நெடி, திறக்க வராத ஜன்னல்கள், ஆளுக்கொரு முக்காலி, அதுவும் வரைகிறவர்கள் வீட்டிலிருந்து கொண்டுவந்தது. கேலரிக்காரர் விற்பது ஒரே சரக்கு, காதல். ஒரு குடைக்குள் இருவர், கடற்கரையில் இருவர், ரயில் நிலையத்தில் இருவர், ஜன்னலோரம் இருவர். எல்லாம் கையால் வரைந்த எண்ணெய் ஓவியம், பொன்பூச்சுச் சட்டம், பின்பக்கம் ஒட்டிய சான்றிதழ். ஓவியம் சேகரிக்கிறவர்கள் வந்து வாங்கிப்போவார்கள். மாடியில் ஒருவர் வானம் மட்டும் போடுவார், ஒருவர் துணி மடிப்பு, இன்னொருவர் மழை. உடம்பு அண்ணியுடையது.

உடம்புக்கு விதிமுறை உண்டு. பெண்ணுக்கு இருபது வயதைத் தாண்டக்கூடாது. இடுப்பு ஒரு பிடி. காற்றே புகாத அறையானாலும் கூந்தல் பறந்தாக வேண்டும். ஆணுக்கு அகலமான தோள் உண்டு, வயிறு கிடையாது. "பொம்மைக் கம்பெனிக்கும் இதுக்கும் ஒரே வித்தியாசம், இங்க பொம்மைங்க கட்டிப்பிடிச்சுக்குது" என்பாள் அண்ணி. ஆனாலும் வரைந்தாள். கை வந்த வேலையைச் சும்மா விடுகிற ஆள் இல்லை அவள்.

அந்தப் படங்களுக்குச் சட்டம் போட்டது எங்கள் கடை. இங்கே தொழில் ரகசியம் ஒன்று சொல்லவேண்டும். சட்டத்தின் உள்விளிம்பு படத்தின்மேல் ஒரு விரல் அகலம் ஏறி உட்காரும். அதற்கு உதடு என்று நாங்கள் பேர் வைத்திருக்கிறோம். படத்தை விழாமல் பிடித்துக்கொள்வது அதுதான். ஆனால் நாலு பக்கமும் ஒரு விரல் அகலப் படம் அதற்கடியில் போய்விடும். வரைகிறவர்களுக்கு இது தெரியும், ஓரத்தில் முக்கியமான எதையும் வைக்கமாட்டார்கள். அண்ணி வைப்பாள். கேன்வாஸ் முடிகிற இடம்வரை அவளுக்குப் படம்தான்.

அப்போது அவள் எங்களுக்கு யாரோ ஒருத்தி. ஒருநாள் விறுவிறுவென்று கடைக்குள் நுழைந்தாள்.

"என் பொண்ணோட குதிகால் எங்கே?"

அண்ணன் உளியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தான். நான் என்ன கண்டேன் குதிகாலை.

"கடற்கரைப் படம். அந்தப் பொண்ணு எக்கி நிக்கிறா, குதிகால் தரையில இல்ல. அந்தப் படம் முழுக்கவே அந்தக் குதிகாலுக்காகப் போட்டது. எங்கே அது?"

"உள்ளதாங்க இருக்கு. உதட்டுக்கு அடியில" என்றான் அண்ணன்.

"உள்ள இருந்து யாருக்கு லாபம்?"

"உதடு இல்லாத ஃப்ரேம்ல படம் நிக்காதுங்க."

"நிக்க வையுங்க. நீங்கதானே தொழில்காரர்?"

குதிகால் சண்டை அடுத்த முறை முழங்கைச் சண்டையானது, அதற்கடுத்து ஒரு குடைக்கம்பிக்காகச் சண்டை. பிறகு ஒருநாள் சண்டைக்கு எந்தக் காரணமும் இல்லாமலேயே அவள் வந்து நின்றாள். அண்ணன் முகம் கழுவிக்கொண்டு வந்தான். எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. கல்யாணம் முடிந்தது, சண்டை முடியவில்லை. அண்ணனுக்குப் 'படம்விழுங்கி' என்று பேர் வைத்தாள். உதடு இல்லாமல் படம் நிற்காது என்பதையே அவனும் வருஷக்கணக்கில் பதிலாகச் சொல்லிக்கொண்டிருந்தான்.

இப்படியே தலை நரைத்தது. ஒரே மகள் படித்து, வேலைக்குப் போய், வேறு ஊரில் குடும்பம் நடத்துகிறாள். அண்ணி மாடியில் இன்னமும் இருபது வயசுக்காரிகளை வரைந்துகொண்டிருந்தாள். அப்போதுதான் கேலரிக்காரர் ஒரு கண்காட்சி அறிவித்தார். மாடியில் வரைகிறவர்கள் ஆளுக்கு ஒரு படம், முதல்முறையாகச் சொந்தப் பேரில் மாட்டலாம், சேகரிக்கிறவர்கள் எல்லாரும் வருவார்கள் என்றார். காதல்தான் பொருள். சட்டம் போட்டுக் கொண்டுவரவேண்டும், சட்டமில்லாத படம் சுவருக்குப் போகாது.

அண்ணி சந்தோஷப்படுவாள் என்று பார்த்தால் உம்மென்று இருந்தாள். சாப்பிடும்போதும் சுவரையே பார்த்தாள். "இவ்வளவு வருஷமா காதல் காதல்னு என்னென்னமோ வரைஞ்சுட்டேன். எனக்குத் தெரிஞ்ச காதலை ஒருதடவைகூட வரையலை" என்று ஒருநாள் பாத்திரம் கழுவியபடி என்னிடம் சொன்னாள்.

அந்த வாரம் முடிதிருத்தும் கடை ஒன்றிலிருந்து ஆளுயரக் கண்ணாடி ஒன்று சட்டம் போட வந்தது. அதைத் தனியாகத் தூக்காதே என்று தலைப்பாடாகச் சொன்னேன், அண்ணன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சுவரில் சாய்த்துவைத்துவிட்டுத் திரும்பினான், இடது தோள் பிடித்துக்கொண்டது. மரம் தூக்கித் தூக்கி ஏற்கெனவே இறங்கிப்போன தோள். அவன் போட்ட சத்தத்தில் வீட்டுக்குள்ளிருந்து அண்ணி தூரிகையும் கையுமாக ஓடிவந்தாள். வந்தவள் அவனை அப்படியே அணைத்துத் தாங்கிக்கொண்டாள். அவன் அவள் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு நின்றான். நான் கதவைத் திறந்துகொண்டு வாயைப் பிளந்தபடி நின்றேன். எதிரே கண்ணாடியில் நாங்கள் மூவரும் தெரிந்தோம்.

"நகராதீங்க" என்றாள் அண்ணி.

தோளுக்காகச் சொல்கிறாள் என்று நினைத்தான் அண்ணன். பாவம்.

மறுநாள் சமையலறையின் பின்கதவோரம் கேன்வாஸ் ஏறியது. அடுப்பில் ஒன்று கொதிக்கும், அவள் கையில் ஒன்று கொதிக்கும். அண்ணனை நிற்கச் சொன்னால் நிற்கமாட்டான், காரணமும் கேட்பான் என்பதால் நான் மாட்டிக்கொண்டேன். அவன் சட்டையைப் போட்டுக்கொண்டு, வயிற்றில் தலையணையைக் கட்டிக்கொண்டு, முதுகைக் காட்டி நிற்கவேண்டும்.

"இடது தோளை இறக்கு, சின்னவளே."

"இதுக்கு மேல இறங்காது அண்ணி. இது என் தோளு."

"அப்ப மூச்சையாவது அவர் மாதிரி விடு."

மூச்சை அவன் மாதிரி விடுவது எப்படி என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால் என் முதுகைப் பார்த்து அவள் அவன் முதுகை வரைந்தாள். படத்தில் அவன் முகம் இல்லை. மரத்தூள் ஒட்டிய சட்டை, ஒருபக்கம் இறங்கின தோள், உச்சியில் வழுக்கை, அவளுக்கும் அவனுக்கும் நடுவில் கொஞ்சமும் வெட்கமில்லாமல் பிதுங்கி நிற்கிற வயிறு. அவன் தோளுக்கு மேலே அவள் முகம் நேராக நம்மைப் பார்க்கிறது. பாதி நரைத்த முடி காற்றில் பறக்கவில்லை, எண்ணெய் வழிந்து நெற்றியில் ஒட்டியிருக்கிறது. கண்ணோரத்தில் அந்தச் சுருக்கம். அவன் முதுகை அழுத்திப் பிடித்திருக்கிற அவள் கையில், நகத்துக்கடியில் நீல வண்ணம். வலது ஓரத்தில், கேன்வாஸ் முடிகிற அந்த ஒரு விரல் அகலத்தில், பாதி திறந்த கதவும் அரை முகமாக நானும். வாயைப் பிளந்தது பிளந்தபடி.

"என்னை எதுக்கு வம்புல இழுத்தீங்க?" என்றேன்.

"நீ இல்லாம எங்க வீட்ல என்ன நடந்திருக்கு?"

சட்டையைத் தேடிக்கொண்டு அண்ணன் வந்தபோது நாங்கள் கையும் களவுமாக அகப்பட்டோம். தலையணையோடு நின்ற என்னைப் பார்த்தான். பிறகு கேன்வாஸைப் பார்த்தான். அவன் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"இதையா மாட்டப் போறே?"

"இதைத்தான்."

"நான் நாளைக்குத் தெருவுல நடக்க வேண்டாமா? என் வழுக்கையும் தொந்தியும் ஊர் பார்க்கணுமா?"

"ஊர் தினமும் அதைத்தான் பார்க்குது. நீங்க என்ன மூடிக்கிட்டா போறீங்க?"

நான் சிரித்துவிட்டேன். அண்ணன் சிரிக்கவில்லை. குரலே மாறி, "நான் அப்ப அழுதுக்கிட்டிருந்தேன்டி" என்றான்.

"தெரியும். அதான் முகத்தைப் போடலை. முதுகுதானே?"

"முதுகுலயே தெரியுதே."

அதைவிடப் பெரிய பாராட்டு எந்த ஓவியருக்கும் கிடைக்காது. அதைச் சொன்ன மனுஷனுக்கு அது பாராட்டு என்று தெரியவில்லை. வீட்டுக்குள் நடப்பது வீட்டோடு இருக்கவேண்டும், இதற்கு நான் சட்டம் போடமாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். வேறு கடையில் போட்டுக்கொள்வாள்தானே என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். "அவர் கையால போட்டா போடட்டும், இல்லாட்டி வேண்டாம். அவருக்குத் தெரியாம அவரைத் தூக்கிக்கிட்டுப் போய் மாட்ட மாட்டேன். ஆனா ஒரு கோட்டையும் மாத்த மாட்டேன்" என்றாள். இரண்டு பிடிவாதத்துக்கு நடுவில் அந்தப் படம் சமையலறையில் நின்றது.

அண்ணன் மகளிடம் புகார் செய்தான். மகள் தொலைபேசியில் அழாத குறை. "அம்மா, வரையறதுக்கு வேற ஆளே கிடைக்கலையா உனக்கு?"

"வேற ஆளைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு வரைஞ்சா உனக்குப் பரவாயில்லையாடி?"

மகள் தொலைபேசியை வைத்துவிட்டாள்.

கண்காட்சி நெருங்கியபோது கேலரிக்காரரே படத்தைப் பார்க்க வீட்டுக்கு வந்தார். சமையலறையில் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். மனிதர் விஷயம் தெரிந்தவர், அதை மறைக்கவில்லை. "இத்தனை வருஷத்துல நீங்க பண்ணினதுலேயே இதுதாம்மா பெஸ்ட். இந்தக் கை இருக்கு பாருங்க, இந்தக் கை ஒண்ணு போதும்" என்றார். அண்ணியின் முகம் மலர்ந்தது. ஒரு நொடிதான்.

"சின்ன வேலைதான் பாக்கி. முடியைக் கறுப்பாக்கிடுங்க. அவருக்குத் தலையில முடி வையுங்க, வயித்தை உள்ளே தள்ளிடுங்க. ஒரு நாள் வேலை. பல் டாக்டர் இந்த மாதிரி போஸ்தான் கேட்டுக்கிட்டிருக்கார், புது வீட்ல ஹால் சுவரைக் காலியாவே வெச்சிருக்கார்."

பல் டாக்டர்தான் கேலரிக்காரருடைய முதல் வாடிக்கையாளர். மாடியில் வரைந்த இளம்ஜோடிகளில் பாதி அவர் வீட்டில்தான் கட்டிப்பிடித்துக்கொண்டிருக்கின்றன.

"முடியாது சார்" என்றாள் அண்ணி.

"அம்மா, கலெக்ட் பண்றவங்க கனவை வாங்க வர்றாங்க."

"நானும் கனவைத்தான் சார் வரைஞ்சிருக்கேன். இந்த மனுஷன் கடைசிவரைக்கும் என் தோள்ல சாய்ஞ்சுக்கணும்ங்கிறது என் கனவு. அதுக்கு நரை வராம எப்படி சார்?"

கேலரிக்காரர் குரலைத் தாழ்த்தினார். மாற்றாவிட்டால் சுவர் கிடையாது, மாடியில் இடம் இருக்குமா என்பதையும் யோசிக்கவேண்டிவரும் என்று பூப்போலச் சொன்னார். பக்கத்து அறையில் அண்ணன் அறுத்துக்கொண்டிருந்த வாள் சத்தம் நின்றிருந்ததை நான் அப்போதுதான் கவனித்தேன். அவரும் கவனித்திருக்கவேண்டும். எழுந்து அண்ணனிடம் போனார்.

"மாஸ்டர், உங்களுக்கும் இதுல இஷ்டமில்லைன்னு கேள்விப்பட்டேன். நியாயம்தான். ஒரு வழி சொல்றேன். உதடு அகலமா, நடுவுல முட்டை வடிவத்துல திறப்பு வெச்சு ஒரு ஃப்ரேம் போடுங்க. அந்தக் கையும் முதுகும் மட்டும் தெரியட்டும். தலை, தொந்தி, அம்மாவோட முகம் எல்லாம் மரத்துக்கு அடியில போயிடும். படத்துல ஒரு கோடும் மாத்தினதா ஆகாது. உங்க மானமும் போகாது, படமும் வித்துடும்."

தன்னை மறைத்துக்கொள்ள அண்ணனுக்கு அதைவிடச் சுலபமான வழி யாரும் தரமுடியாது. அவன் பட்டறை, அவன் மரம், அவன் கை. அண்ணன் தாடையைச் சொறிந்தான். சமையலறைப் பக்கம் பார்க்கவே இல்லை.

"படத்தைக் குடுத்துட்டுப் போகச் சொல்லுங்க. நான் ஃப்ரேம் போடறேன்" என்றான்.

அண்ணியே படத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அவன் முன்னால் வைத்தாள். "எவ்வளவு விழுங்கணுமோ விழுங்குங்க. என் முகத்தை மூடிட்டு உங்களால சோறு தின்ன முடியுமான்னு பார்த்துக்கோங்க" என்றாள். கேலரிக்காரர் செருப்பைத் தேடினார்.

அதன்பின் பட்டறைக் கதவு உள்ளே தாழிட்டிருந்தது. அண்ணி அந்தப் பக்கம் போகவில்லை. சோற்றைப் போட்டாள், குழம்பை ஊற்றினாள், வார்த்தையை மட்டும் ஊற்றவில்லை. என்னையும் உள்ளே விடவில்லை அவன். "அண்ணே, அவ முகத்து மேல நீ மரத்தை வெச்சே, அதோட நம்ம பேச்சு முடிஞ்சுது" என்று கதவுக்கு வெளியே நின்று கத்தினேன். உள்ளே இழைப்புளி ஓடுகிற சத்தம்தான் பதில்.

கண்காட்சியன்று அவன் எங்களுக்கு முன்பே கிளம்பிப் போய்விட்டிருந்தான். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கேலரியில் ஆட்கள் வர ஆரம்பித்திருந்தார்கள். அண்ணிக்கு ஒதுக்கிய சுவரில் துணி போர்த்திய சட்டம் தொங்கியது. பக்கத்தில் அண்ணன். எல்லாரும் இஸ்திரி போட்ட உடுப்பில் நிற்க, அவன் மரத்தூள் சட்டையிலேயே நின்றான். அதே சட்டை.

"எடுங்க மாஸ்டர், எல்லாரும் பார்க்கட்டும்" என்றார் கேலரிக்காரர்.

அண்ணன் துணியை இழுத்தான்.

எனக்கு முதலில் கண்ணில் பட்டது என் முகம்தான். ஓரத்தில், கொஞ்சமும் மறையாமல், வாயைப் பிளந்தபடி. உதடு இல்லை. தேக்கில் பெட்டி மாதிரி ஒரு சட்டம், அதற்குள்ளே படம் எதிலும் தொடாமல் நின்றது. நாலு பக்கமும் விரல் நுழைகிற இடைவெளி. பின்னாலிருந்து திருகாணியால் பிடித்திருந்தான். வழுக்கை, வயிறு, நரை, சுருக்கம், நகத்து நீலம், கதவோரத்து நாத்தனார் எல்லாம் வெட்டவெளிச்சம். ஒரு நூல் அகலம்கூட அவன் மறைக்கவில்லை.

அண்ணி பார்த்தாள். நான் அவள் அழுவாள் என்று கைக்குட்டையைத் தேடினேன்.

"அப்ப உதடு இல்லாம நிக்குமா?" என்றாள்.

அண்ணன் மென்று விழுங்கினான். "நிக்கும். வேலை ஜாஸ்தி."

"இத்தனை வருஷமா நிக்காதுன்னீங்க!"

"சொன்னா எல்லாப் படத்துக்கும் கேப்பேன்னுதான்..."

"என் குதிகால்! எத்தனை குதிகால்!" அவள் குரல் அந்த வெள்ளைச் சுவர்களில் மோதித் திரும்பியது. கூட்டம் திரும்பிப் பார்த்தது. அண்ணியின் கண்ணில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது, வாய் மட்டும் திட்டிக்கொண்டே இருந்தது. என் ஆயுளில் நான் பார்த்த காதல் காட்சி அது ஒன்றுதான்.

கேலரிக்காரர் சிவந்துபோய் ஓடிவந்தார். "இறக்குங்க இதை. முதல்ல இறக்குங்க."

அண்ணன் சுவருக்கும் அவருக்கும் நடுவில் வந்து நின்றான். சாதாரணமாக அவரைக் கண்டால் குரல் எழும்பாத ஆள். "அது என் முதுகு சார். நான் அழுத முதுகு. எனக்கே வெக்கமில்லைன்னு ஆனப்புறம் உங்களுக்கு எதுக்கு? ஃப்ரேம் போட்டாச்சு, சுவருக்கு வந்தாச்சு. இறக்கணும்னா என்னைத் தள்ளிட்டு இறக்குங்க" என்றான்.

சேகரிக்கிறவர்கள் முன்னால் சட்டம் போடுகிற ஒருவனோடு மல்லுக்கட்டக் கேலரிக்காரருக்கு மனம் வரவில்லை. படம் சுவரிலேயே இருந்தது. பல் டாக்டர் மனைவியோடு வந்தார். படத்தைப் பார்த்தார், பக்கத்தில் நின்ற அண்ணனைப் பார்த்தார், திரும்பவும் படத்தைப் பார்த்தார். வெகுநேரம் நகரவில்லை.

"அந்தக் கையை விட்டுட்டுப் போக மனசு வரல. முடியை மட்டும் கறுப்பாக்கிக் குடுங்க, இப்பவே எடுத்துக்கிறேன்" என்றார்.

"உங்க வீட்டம்மாவுக்கு முடி என்ன நிறம் டாக்டர்?" என்று கேட்டாள் அண்ணி.

டாக்டரின் மனைவி நன்றாகச் சாயம் பூசிய தலையோடு பக்கத்தில் நின்றிருந்தார். பட்டென்று சிரித்துவிட்டார். அவர் சிரித்ததில் கண்ணோரம் அழகாகச் சுருங்கியது. டாக்டருக்குச் சிரிப்பு வரவில்லை. குடைக்குள் இருந்த ஜோடியை வாங்கிக்கொண்டு போனார். அண்ணியின் படத்தை யாரும் வாங்கவில்லை. அதுதான் நடந்தது, கதைக்காக மாற்றிச் சொல்ல எனக்கு இஷ்டமில்லை.

கதவடைக்கிற நேரத்தில் கேலரிக்காரர் வந்தார். "நாளையிலேர்ந்து மாடிக்கு வரவேண்டாம்மா."

"சரி சார். முக்காலி என்னோடது, எடுத்துக்கிட்டுப் போயிடறேன்" என்றாள் அண்ணி. மாடிக்குப் போய் எடுத்துக்கொண்டும் வந்தாள்.

கேலரி வண்டியில் படத்தை ஏற்றமாட்டோம் என்றுவிட்டார்கள். அண்ணன் இரண்டு பட்டையால் படத்தை முதுகில் கட்டிக்கொண்டான், படம் வெளியே பார்க்கிறமாதிரி. நான் போர்த்துகிற துணியை நீட்டினேன்.

"அது எதுக்கு?" என்றான்.

"அண்ணே, நம்ம தெரு வழியாத்தான் போகணும்."

"தெரியும். நட."

விளக்கு போடுகிற நேரம். கடைகளில் கூட்டம். அண்ணன் முன்னால் போனான், நான் முக்காலியைத் தலையில் வைத்துக்கொண்டும் அண்ணி வெறுங்கையோடும் பின்னால். எங்களைக் கடந்தவர்கள் எல்லாரும் நின்று திரும்பினார்கள். டீக்கடைக்காரர் கல்லாவை விட்டு இறங்கியே வந்துவிட்டார்.

"மாஸ்டர், இது நீங்களா?"

"முதுகைப் பார்த்தா தெரியலையா? என் வீட்டுக்காரி வரைஞ்சது" என்றான் அண்ணன், அந்தத் தெரு முழுவதும் கேட்கிற மாதிரி.

வேலை போனது அண்ணிக்கு உறைத்ததா இல்லையா என்று திரும்பிப் பார்த்தேன். அவள் தலையைச் சாய்த்து, கண்ணைச் சுருக்கி, முன்னால் போகிறவனை அளந்துகொண்டு வந்தாள். மேலே நிஜ வழுக்கை, அதற்குக் கீழே வரைந்த வழுக்கை. பாரத்தில் அவன் இடது தோள் இன்னும் இறங்கியிருந்தது.

"சின்னவளே, அந்தத் தோளை நான் இன்னும் கொஞ்சம் இறக்கியிருக்கணும்" என்றாள்.

அண்ணன் திரும்பவில்லை. "நாளைக்கு இறக்கிக்கோ. இன்னிக்கு எல்லாரும் இப்படியே பார்க்கட்டும்" என்றான்.